தலையணையோடு வீடு பார்த்தவள்

வீடு பார்க்கப் போகிறவர்கள் சிலர் வாஸ்து தெரிந்த பெரியவர் ஒருவரை அழைத்துப் போவார்கள். சிலர் கைப்பேசியில் திசைகாட்டியை வைத்துக்கொண்டு கிழக்கு எது, தெற்கு எது என்று சுற்றிச் சுற்றி வருவார்கள். என் தம்பி பெண்டாட்டி குணவதி ஒரு பாயும் தலையணையும் எடுத்துக்கொண்டு போனாள். கூடவே என் தம்பியையும். போன வீட்டிலெல்லாம் அவனைத் தரையில் படுக்கவைத்துத் தூங்கச் சொன்னாள்.

இது எனக்குத் தெரியவந்த விதம்தான் கொடுமை. கெடா மாநிலத்துச் சுங்கைப் பட்டாணியில் நான் தையல் கடை வைத்திருக்கிறேன். ரவிக்கைக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள் ஊர்ச் செய்தியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அப்படி ஒருத்தி, கையைத் தூக்கிக்கொண்டு அளவுக்கு நின்றபடியே, "நவமணியக்கா, ஒங்க தம்பிக்கு ஒடம்பு சரியில்லையா? லூனாஸ்ல ஏதோ காலி வீட்டுல படுத்துக் கெடந்தாராமே" என்றாள். எனக்கு மானமே போய்விட்டது. அன்று சாயங்காலமே குணவதியைக் கடைக்கு வரச்சொன்னேன்.

"என்னம்மா கூத்து இது? வீடு பாக்கப் போனா செவுத்தத் தட்டிப் பாரு. பைப்பத் தொறந்து பாரு. புருஷனையா படுக்கவெச்சிப் பாப்பாங்க?"

"செவுரா அண்ணி தூங்கப் போவுது? அவருதான தூங்கணும்" என்றாள், குரலை உயர்த்தாமல்.

எனக்குக் கோபம் வந்தால் வாய் நீளும். அவளுக்குக் கோபம் வந்தால் வாய் சுருங்கும். அதனால்தான் எங்கள் இருவருக்கும் இன்றுவரை சண்டை முற்றியதில்லை.

குணவதி அரசாங்க கிளினிக்கில் மருந்து கொடுக்கும் வேலையில் இருக்கிறாள். குள்ளமான உருவம், வேகமான நடை. எதையும் சோதிக்காமல் வாங்க மாட்டாள். காற்றாடி வாங்கப் போனால் கடையிலேயே அதை ஓடவிட்டு, எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாள். சோறாக்கும் சட்டி வாங்கியபோது வீட்டிலிருந்து அரிசி கொண்டுபோனதாகக் கேள்வி. என் தம்பி சத்தியசீலனைப் பெண் பார்க்கக் கூட்டிப்போன அன்றுகூட, பலகாரத் தட்டைக் கீழே வைத்த கையோடு, "மோட்டோல ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டாள். எங்கள் அம்மாவுக்கு மூச்சே நின்றுவிட்டது. திரும்பி வந்து, "நெதானமா ஓட்டுறாரு, எனக்குச் சம்மதம்" என்று சொன்ன பிறகுதான் நாங்கள் எல்லாரும் பலகாரத்தில் கை வைத்தோம்.

அப்படி நிதானமாக ஓட்டியவன்தான் ஒரு நாள் காலையில் மோட்டோவோடு லோங்காங்கில், சாலையோரக் கால்வாயில், போய் விழுந்தான்.

அவனுக்குக் கூலிம் தொழிற்பேட்டையில் வேலை. எப்போதும் இரவு ஷிப்ட்தான். ஊரே எழுந்திருக்கும்போது அவன் படுக்க வேண்டும். ஆனால் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு எதிரே மோட்டார் சைக்கிள் பட்டறை, பக்கத்தில் கோழி வெட்டும் கடை. கண் மூடினால் இந்தப் பக்கம் என்ஜின் அலறும், அந்தப் பக்கம் கோழி அலறும். அரைமணித் தூக்கம், கால்மணித் தூக்கம் என்று துண்டுத் துணியை ஒட்டுப்போடுவது போலத் தூங்கிக்கொண்டிருந்தான். அன்று வேலை முடிந்து வரும் வழியில், செம்பனைத் தோட்டத்து ஓரமாகச் சாலை வளைந்தது, அவன் வளையவில்லை.

நல்ல வேளை, கால்வாயில் சேறுதான் இருந்தது. முழங்கையில் சிராய்ப்போடும் தலையில் பாசியோடும் வீட்டு வாசலில் வந்து நின்றான். குணவதி அழவில்லை. குளிக்கச் சொன்னாள், காயத்துக்கு மருந்து போட்டாள், தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தாள். அவன் குடித்து முடித்ததும், "நாம சொந்தமா வீடு வாங்குறோம். நீங்க பகல்ல தூங்குற மாதிரி வீடு" என்றாள்.

என் கடையில் நான் கத்திய அந்தச் சாயங்காலம்தான் இதையெல்லாம் சொல்லி அழுதாள். "கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்கிருக்காரு அண்ணி. அன்னிக்குக் கால்வாய். நாளைக்கு எதுத்தாப்ல லோரி வந்தா நான் என்ன பண்ணுவேன்?"

அதற்குப் பிறகு, பாயையும் தலையணையையும் பற்றி நான் ஒரு நாளும் கேலி பேசவில்லை. வேறு யாரும் பேசவும் விடவில்லை.

வீடு பார்க்க வெள்ளிக்கிழமைதான் தோதுப்பட்டது. கெடாவில் வெள்ளியும் சனியும்தானே எங்களுக்கு விடுமுறை. கிளினிக் மூடியிருக்கும். என் தம்பி வியாழன் ராத்திரி வேலை பார்த்துவிட்டு வெள்ளி காலையில் வருவான். தூக்கம் கண்ணைச் சொருகும் நேரம், சோதனைக்கு அதைவிடப் பொருத்தமான நேரம் உண்டா? வீட்டுக்குக்கூட வரவிடாமல் அப்படியே காரில் ஏற்றிக்கொண்டு போய்விடுவாள்.

வீடு காட்டியவன் பழனியாண்டி என்ற ஏஜெண்ட். கறுப்புக் கண்ணாடி போட்டு, பத்து வீடு தள்ளி மணக்கும் அளவுக்கு வாசனை பூசியிருப்பான். முதல் தடவை அவள் பாயை விரித்தபோது பதறிப்போனான்.

"அக்கா, ஓனர் பாத்தா என்னக்கா நெனப்பாரு?"

"படுக்காம எப்படி அண்ணே தெரியும்?"

போகப்போக அவனே பாயை விரித்து, "அண்ணே, இந்தப் பக்கம் தலவெச்சிப் படுங்க, காத்து வரும்" என்று சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டான்.

திக்கம் பத்துவில் ஒரு வீடு. என் தம்பி கண்ணை மூடிய நேரம் பார்த்து ரயில் போயிற்று. லூனாஸ் வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர் ஒலிபெருக்கி வைத்துப் பாடினார். பாடியதுகூடப் பரவாயில்லை, ஒரே பாட்டை விடாமல் பாடினாராம். பீடோங்கில் நல்ல விசாலமான வீடு கிடைத்தது. ஆனால் இரண்டு கடை தள்ளி, சூப்பு வைக்க விற்கும் பறவைக்கூடு எடுப்பதற்காகக் கட்டிய சன்னல் இல்லாத கட்டடம். பறவைகளை அழைக்கக் கூரையில் கருவி வைத்து, பொழுதுக்கும் கீச்கீச்சென்று கத்தவிட்டிருந்தார்கள். என் தம்பி எழுந்து உட்கார்ந்து, "எனக்கு றெக்க மொளச்சிரும் போல இருக்கு, வா போவலாம்" என்றானாம்.

வெள்ளிக்கிழமை போய் வெள்ளிக்கிழமை வந்தது. வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். இவர்கள் கல்யாணத்தைப் பண்ணிவிட்டார்கள், வீட்டைப் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனுக்குக் கண்ணைச் சுற்றிக் கருவளையம் ஏறிக்கொண்டே போயிற்று. அவளுக்குப் பேச்சு குறைந்துகொண்டே போயிற்று. அவன் வேலை முடிந்து வீடு வந்து சேர்ந்தான் என்று செய்தி வரும்வரை, காலையில் கிளினிக்கில் நின்றபடி கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

கடைசியில் பாடாங் செராயில் ஒரு வீடு அமைந்தது. சுங்கைப் பட்டாணிக்கும் கூலிமுக்கும் நடுவில், இருவருக்கும் வேலைக்குப் போக வசதி. ஒரு தாமானில், அதாவது குடியிருப்பில், வரிசை வீடுதான், ஆனால் வரிசையில் கடைசி. சமையலறைச் சன்னலில் காலை வெயில் விழும். பின்கட்டில் ஒரு குழாய், முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன கறிவேப்பிலைச் செடி. அதற்குப் பின்னால் உயரமான சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் வரிசையாக மரங்கள். இலை அசைகிற சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. பழனியாண்டிகூட ரகசியம் போலத்தான் பேசினானாம்.

பின்னறையில் என் தம்பியைப் படுக்கவைத்துவிட்டு குணவதி சமையலறைக்குப் போனாள். மசாலா டப்பா எங்கே, மாவரைக்கும் இயந்திரம் எங்கே என்று மனத்துக்குள் எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டிருந்தாளாம். அப்போது அறையிலிருந்து குறட்டைச் சத்தம் கேட்டது. நல்ல, கனமான குறட்டை. பழனியாண்டி கதவிடுக்கில் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "அக்கா, அண்ணன் அவுட்லா. வீடு ஒங்களோடது" என்று கிசுகிசுத்தான். அன்றைக்கே முன்பணம் கட்டிவிட்டு, எனக்கு லட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். என் கடையில் நின்று அவள் அப்படிச் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை.

பத்திரத்தில் கையெழுத்துப் போட வக்கீல் அலுவலகத்துக்கு வரச்சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். குணவதி விடுப்பு எடுத்திருந்தாள். அதற்கு முன்னால் காலையிலேயே போய்ச் சன்னல்களை அளந்துவிடலாம் என்று என்னையும் அழைத்தாள். பின்னறைக்கு வெளிச்சம் புகாத கனமான துணியில் திரைச்சீலை தைத்துத் தருகிறேன் என்று நான் சொல்லியிருந்தேன். அளவு நாடாவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பழனியாண்டி சாவியோடு வாசலில் காத்திருந்தான்.

கார்க் கதவைத் திறந்ததுமே கேட்டது. டம், டம், டமடம. ஒரு மேளம் இல்லை, ஒரு படையே அடித்தது. நடுவே ஊதுகுழல்கள். அதற்கும் மேலே ஒலிபெருக்கியில் ஒரு வாத்தியார், "சத்து, டுவா, சத்து, டுவா" என்று மலாயில் எண்ணிக்கொண்டிருந்தார். சத்தம் எங்கள் வீட்டுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. நான் விறுவிறுவென்று பின்கட்டுக்குப் போய், வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் ஏறிச் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். திடல் நிறையப் பிள்ளைகள், கழுத்தில் மேளத்தை மாட்டிக்கொண்டு அணி அணியாக நடந்துகொண்டிருந்தார்கள்.

"பள்ளிக்கூடம்மா" என்றேன், வாளியின் மேல் நின்றபடியே. "பேண்டு வாத்தியத்தோட பள்ளிக்கூடம்."

கெடாவிலேயே பிறந்து கெடாவிலேயே வளர்ந்த இரண்டு பேர். ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகிறவர்கள். வெள்ளிக்கிழமை மட்டுமே வீடு பார்த்தால் பள்ளிக்கூடம் பூட்டித்தான் கிடக்கும் என்று இருவருக்குமே உறைக்கவில்லை. ஆசை கண்ணை மறைக்கும் என்பார்கள், இவர்களுக்குக் காதையும் மறைத்துவிட்டது.

நான் பழனியாண்டி பக்கம் திரும்பினேன். அவன் விரலில் சாவியைச் சுற்றுவதை நிறுத்தினான்.

"ஸ்கூல் கேட்டு அடுத்த ரோட்லக்கா. இங்கேர்ந்து தெரியாது. நாளைக்குப் புள்ளகுட்டி பொறந்தா, செவுரு ஏறிக் குதிச்சா கிளாஸ்லா" என்றான்.

நான் அவனைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. வாயாலும் திட்டினேன், அளவு நாடாவாலும் இரண்டு போட்டேன். குணவதி எதிலும் கலந்துகொள்ளாமல் சமையலறைச் சன்னலருகே நின்றிருந்தாள்.

"ஆனா அண்ணி, அன்னிக்கு அவரு அப்படித் தூங்கினாரே. அந்தக் கொறட்ட விட்டாரே" என்றாள்.

"கொறட்டயா? யாரு, சீலனா?"

"ஆமா."

"அவனுக்கு ஏதும்மா கொறட்ட? சின்ன வயசுல ஒரே பாயில படுத்து வளந்தவ நான். தூங்கினா வாயத் தொறந்துக்கிட்டுப் பொணமாட்டம் கெடப்பான். எடது காலு மட்டும் ஆடும். கொறட்டன்னு ஒண்ணு அவன் விட்டதே இல்ல."

சொன்ன பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். கல்யாணமாகி மூன்று வருஷம், புருஷன் அயர்ந்து தூங்குவது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் தூங்கும்போது அவன் தொழிற்சாலையில். அவன் படுக்கும்போது அவள் கிளினிக்கில். விடுமுறை ராத்திரிகளில்கூட அவனுக்குக் கண் மூடாது, சத்தத்தை அணைத்துவிட்டுப் பந்து விளையாட்டைப் பார்த்துக்கொண்டிருப்பான். பாவம், அவளுக்கு எப்படித் தெரியும்?

திரும்பி வரக் காரில் ஏறியதும் குணவதி வக்கீலுக்கு, நாளை வருகிறோம் என்று செய்தி அனுப்பினாள். வாடகை வீட்டில் என் தம்பி கண்மேல் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு விழித்தபடி கிடந்தான். எதிரே யாரோ வண்டியை முறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அன்னிக்கு நீங்க தூங்கலதானே?" என்றாள் குணவதி.

அவன் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், எழுந்து உட்கார்ந்தான்.

"இல்ல."

"அப்புறம் எதுக்குக் கொறட்ட?"

"நீ பாடிக்கிட்டிருந்த."

"நானா?"

"அடுப்படில நின்னுக்கிட்டு. நீ பாடுறது ஒனக்கே தெரியல. நான் லோங்காங்ல விழுந்ததுலேர்ந்து நீ பாடுனதே இல்ல, குணா. எந்திரிச்சி வந்து 'தூக்கம் வரல'ன்னு சொன்னா நிறுத்திருவ. அதான்."

குணவதி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. "டேய், அதுக்காகப் பொய்க்கொறட்ட விட்டு வீட்ட வாங்குவாங்களாடா? பின்னால பேண்டு அடிக்கிறானுங்கடா" என்று கத்தினேன்.

"அடிக்கட்டும்க்கா. அங்க தாமான் வாசலுக்கே கம்பெனி பஸ் வருது, இந்தப் பக்கம் வரல. தூங்குறேனோ இல்லியோ, மோட்டோ எடுக்க வேணாம்."

"தூங்காத மனுஷன் எத்தன நாளைக்கு ஓடுவாரு?" என்றாள் குணவதி. "சாவி கேட்டு வாங்குறேன். நாளைக்கு வேலைநாளு. பள்ளிக்கூட நேரத்துல போய்ப் படுங்க. வந்தா வாங்குவோம், இல்லாட்டி விட்டுருவோம்."

"மாட்டேன்" என்றான். என் தம்பி அவளிடம் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. "இனிமே அடுத்தவன் வீட்டுல படுக்க மாட்டேன் குணா. எந்த வீட்டுல படுத்தாலும், யாரோ வந்து கதவத் தட்டி எழுப்பப் போறான்னே இருக்கு. இந்த வீட்டுலயும் அப்படித்தான் இருக்கு. பட்டறச் சத்தம் பட்டறக்காரனுக்கு. எனக்குக் கேக்குறது அது இல்ல."

அவனுக்குக் கேட்பது எது என்று எனக்குத் தெரியும். அப்பா வேலை பார்த்த தோட்டம் கைமாறியபோது, தோட்டத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆபீஸ் ஆள் காலையில் வந்து கதவைத் தட்டிக்கொண்டே இருந்தான். சீலன் அப்போது பள்ளிக்கூடம்கூடப் போகவில்லை. கதவு தட்டும்போதெல்லாம் எழுந்து, தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் போய் நிற்பான், கிளம்பத் தயாராக. நான் அதை குணவதியிடம் அன்றைக்குத்தான் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். உள்ளே போய் மூவருக்கும் தேத்தண்ணி கலக்கிக்கொண்டு வந்தாள்.

"அண்ணி, நாளைக்குக் கையெழுத்துப் போடப் போறோம்" என்றாள், டம்ளரை என் கையில் கொடுத்துக்கொண்டே. "எனக்குப் பயமாத்தான் இருக்கு. ஆனா பொய்க்கொறட்ட விட்டு எனக்கு ஒருத்தர் வாங்கிக் குடுக்குற வீடு. வேணாம்னு சொல்ல மனசு வரல."

எதையும் சோதிக்காமல் வாங்காதவள் வாழ்க்கையிலேயே சோதிக்காமல் வாங்கிய பொருள் அந்த வீடுதான். அவர்கள் குடிபோகும் வரை இருந்த நாள்களில் நான் திரைச்சீலை தைத்தேன். சத்தத்தை எப்படியாவது தடுத்துவிட வேண்டும் என்று துணியை இரண்டு மடிப்பாக வைத்து, நடுவில் பஞ்சுத் துணியும் கொடுத்து அடித்தேன். ஊசி இரண்டு உடைந்தது. தூக்கிப் பார்த்தால் மெத்தை போலக் கனத்தது.

பால் காய்ச்ச ஐயர் குறித்துக்கொடுத்த நல்ல நாளும் ஞாயிற்றுக்கிழமையாகவே வந்து வாய்த்தது. அதுவும் பள்ளியில் விளையாட்டுப் போட்டி நெருங்கும் சமயம். ஐயர் மந்திரம் சொல்ல, அந்தப் பக்கம் மேளம் முழங்க, ஐயர் குரலை உயர்த்த, வாத்தியார் ஒலிபெருக்கியை உயர்த்த, யார் வெல்வது என்று ஒரு போட்டியே நடந்தது. வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். என் தம்பிக்கு அன்று விடுப்பு கிடைக்கவில்லை. ராத்திரி வேலை முடித்து, பஸ்ஸில் வந்து இறங்கி, குளித்து, வேட்டி கட்டி, சிவந்த கண்ணோடு ஓமத்தின் முன் உட்கார்ந்தான். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. எல்லாரும் பொங்கலோ பொங்கல் என்றோம்.

பசியாற எல்லாரும் உட்கார்ந்தபோது அவனைக் காணவில்லை. பழனியாண்டி ஒரு சுவர்க்கடிகாரத்தைப் பரிசாகத் தூக்கிக்கொண்டு வந்து, "அண்ணன் எங்கக்கா?" என்று தேடினான். வாசலில் இல்லை, பஸ் நிற்கும் இடத்தில் இல்லை. குணவதி தட்டை வைத்துவிட்டுப் பின்னறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

சன்னல் அகலத் திறந்து கிடந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மேளம் காதைக் கிழித்தது. என் தம்பி வெறும் தரையில், பட்டு வேட்டியோடு கிடந்தான். நான் ஊசி உடைத்துத் தைத்த திரைச்சீலையைச் சுருட்டித் தலைக்கு வைத்திருந்தான். தேய்த்து மடித்துக் கொண்டுவந்த துணி, எனக்கு வயிறு எரிந்தது. எழுப்ப வாயைத் திறந்தேன்.

குணவதி என் கையைப் பிடித்துவிட்டாள். அவன் பக்கத்தில் குனிந்து, முகத்தருகே காதை வைத்தாள். அவன் வாய் திறந்திருந்தது. எச்சில் ஒழுகித் திரைச்சீலையில் இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் நிமிர்ந்தபோது கண்ணெல்லாம் தண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு.

"கொறட்ட இல்ல அண்ணி" என்றாள்.

அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூடத்து மணி அடித்தது. பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாகக் கத்திக்கொண்டு சிற்றுண்டிக்கு ஓடினார்கள். என் தம்பி அசையவில்லை. இடது கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.